அந்தோனியாருக்கு ஒரு சாண்

"இன்னும் ஒரு சாண் வெளிய எடுங்க பாஸ்," என்றாள் அனிற்றா.

சிங்கள மேசன் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். "ஐயா கல்கட்டோட ஒட்டித்தானே கட்டச் சொன்னாரு? பாதை சின்னதாகிடுமே, நோனா."

"புனிதருக்கு எடம் கொறைக்கக் கூடாது. நேர்த்தி வச்சது நான்தானே?"

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லி அவர் அடுத்த கல்லை எடுத்தார்.

அனிற்றாவுக்கு அந்தோனியார் மேல் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ஒரு சாண் பக்தியில் சேராது. அது பக்கத்து வீட்டு லியோனின் காருக்காக.

கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தொழிலாளர் லயத்துச் சுவருக்கும் மேட்டைத் தாங்கும் கல்கட்டுக்கும் நடுவே ஒரு சந்து, அதைத் தாண்டினால் அனிற்றா வீட்டுக்கும் லியோன் வீட்டுக்கும் பொதுவான வாசல். வாகனத்தில் வருகிறவர்கள் எல்லாரும் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்கள்.

லியோன் மட்டும் சந்து முனையில் நின்று, காருக்குள் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்துவான். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மாடு காதை மடக்குகிற மாதிரி மெல்ல மடங்கும். கார் எங்கேயும் உரசாமல் உள்ளே வந்து நின்றதும், மடங்கிய காதுகள் மறுபடி விரியும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அனிற்றாவுக்கு வயிறு எரியும். பார்க்காமலும் இருக்க முடியாது. ஹார்ன் கேட்டால் போதும், அடுப்பில் ரொட்டி கருகினாலும் ஓடிவந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் வீட்டில் இருந்ததோ, மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாத ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

போதாததற்கு, பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது லியோனின் மனைவி ஜெயந்தி வேறு சொன்னாள்: "புள்ளைங்க மூணாயிருச்சுக்கா. இந்தக் காரும் எங்களுக்குப் பத்த மாட்டேங்குது."

"காரே பத்தலியாம் மகாராணிக்கு! திமிரப் பாத்தீங்களா?" என்று அனிற்றா கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

பாக்கியநாதன் சிரித்து மழுப்பினான். அவனும் அந்தப் பக்கம் சாய்ந்தவன்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் லியோனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், அதே காரில் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான்.

"அடுத்தவன் காருல ஒங்களுக்கு என்னங்க சொகுசு?"

"சும்மாதான்," என்பான்.

அப்புறம்தான் அவளுக்குத் திடீரென்று பழைய நேர்த்திக்கடன் ஞாபகம் வந்தது. சந்து முனையில் அந்தோனியாருக்கு ஒரு கெபி, கல்லில் கட்டிய குட்டிக் கோயில்! சொரூபத்தை வைத்து ஃபாதர் மந்திரித்துவிட்டால் அப்புறம் யார் அதில் கை வைப்பார்கள்?

பாக்கியநாதன் முதலில் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரி கட்டு. ஆனா கல்கட்டோட ஒட்டிக் கட்டு," என்று தானே கயிறு பிடித்து அளந்து, எல்லைக்கு ஆப்பு அடித்துக் கொடுத்தான். அடுத்த நாள் ஏதோ வேலை என்று லியோனோடு கொழும்புக்குப் போனவன் இரண்டு நாள் தங்கிவிட்டான். அந்த இரண்டு நாளில்தான் அந்தோனியார் ஒரு சாண் வெளியே வந்தார்.

அவன் திரும்பி வருவதற்குள் நடந்த மந்திரிப்புக்குத் தோட்டத்து டிவிஷனே திரண்டு வந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தபோது அனிற்றாவின் கண் கலங்கியதைப் பார்த்து, "என்ன பக்தி!" என்று பக்கத்தில் நின்ற லயத்து மரியாயி முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அவித்த கடலையும் தேத்தண்ணியும் பரிமாறி முடிந்தது. ஃபாதர் மட்டும் கிளம்பவில்லை. "பாக்கியநாதன் ஃபோன் பண்ணி கொஞ்சம் இருக்கச் சொன்னாரு. இன்னொண்ணும் மந்திரிக்கணுமாம்," என்று நாற்காலியில் சாய்ந்தார். அனிற்றா அதைக் காதில் வாங்கினால்தானே? அவள் கண் முழுக்க ரோட்டில் இருந்தது.

ஹார்ன் கேட்டது. வளைவில் லியோனின் கார் வந்தது. ஓட்டி வந்தவன் பாக்கியநாதன், லியோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

'கொண்டவனே ட்ரைவர் ஆகிட்டானே!' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரட்டும், இன்றைக்கு இரண்டு பேருடைய முகத்தையும் பார்க்கலாம் என்று காத்திருந்தாள்.

சந்து முனையில் கார் நின்றது. கண்ணாடிகள் மடங்கின. கார் மெல்ல முன்னால் வந்து கெபியை முட்டப் போய்ச் சட்டென்று நின்றது. பின்னால் போய்த் திரும்ப வந்து பார்த்தும் நுழையவில்லை.

அனிற்றாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முகத்தில் மட்டும் கவலையை வரவழைத்துக்கொண்டாள்.

"ஐயோ லியோன் தம்பி, உள்ள வர ஏலலியா? என்ன செய்ய, மந்திரிச்சாச்சே! இனி அந்தோனியார நகத்தவும் ஏலாது."

லியோன் பாவம்போல அவளைப் பார்த்தான். "எங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. நாங்க வேன் வாங்கிட்டோம். அது எப்பிடியும் ரோட்டுலதான் நிக்கும்."

பாக்கியநாதன் இறங்கி வந்தான். தான் அடித்த ஆப்பைத் தேடினான். அது கெபிக்கு அடியில் எங்கோ போய்விட்டிருந்தது. அந்தோனியாரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த கார் சாவியை அவளிடம் நீட்டினான்.

"அந்தக் கண்ணாடி மடங்குறத தெனமும் ஆசையா பாத்துக்கிட்டு நிப்பியே அனிற்றா, ஒனக்குத்தான் வாங்குனேன்."