உப்புக் கறள்

“பாம்... பாம்...”

முற்றத்தில் கார் ஹோர்ன் கத்தியது. பூரணத்தின் கையிலிருந்த அரிதட்டு நழுவியது. மா நிலமெல்லாம் கொட்டியது. அவள் எழுந்து ஓடினாள்.

அவள் புருஷன் கதிரவேலு வீட்டு வாசல் படலைக்கு வரும்போது இப்படித்தான் அடிப்பான்.

ஓடியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் ஹோர்னின் ரப்பர்க் குமிழை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெண்டாலும் வேலை செய்யுது,” என்று சிரித்தார்.

நீர்வேலிப் பரமலிங்கம். வாழைத்தோட்டக்காரர். கார் வாங்க வந்திருக்கிறார். கூட்டி வந்தவர் அருளம்பலம். பூரணத்தின் மாமனாருக்குத் தம்பி.

பூரணம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

இந்தக் கார் விலைப்படக் கூடாது. விலைப்பட்டால் அவள் புருஷன் செத்தவனாகிவிடுவான்.

ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போன கதிரவேலுவின் கப்பல் வல்வெட்டித்துறைக்குத் திரும்பவில்லை. இரண்டு வருஷத்து வாடைக்காற்றும் அடித்து ஓய்ந்துவிட்டது. தர்ப்பையால் ஓர் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைத்துவிடலாம் என்று இனசனம் பேசத் தொடங்கியது. கொள்ளி வைக்கும் அன்றே அவள் தாலியும் இறங்கும்.

“அவன்ரை காரை முத்தத்திலை வைச்சுக்கொண்டு அவனுக்குக் கொள்ளி வைக்கிறதோ? முதல்லை அதை வெளியிலை அனுப்புங்கோ அண்ணை,” என்றார் அருளம்பலம்.

மாமனார் முத்துக்குமாரு பெரிய தண்டையல். அந்தக் காலத்தில் அவர் ஓட்டாத கப்பல் இல்லை. அவர் சொல்லுக்கு ஊரே அடங்கும். அன்றைக்குத் தம்பியின் சொல்லை மறுத்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிலிருந்து பூரணம் அவருக்குச் சோறு போடுவாள்; முகம் பார்க்கமாட்டாள்.

இன்னொன்றும் செய்தாள். மாமா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துக் குடத்தோடு கடலுக்குப் போவாள். கொண்டுவந்த உப்புத் தண்ணீரைக் காரின் கதவிலும் மட்காட்டிலும் ஊற்றுவாள். வெயில் அதை உறிஞ்சும். அடுத்த நாளும் ஊற்றுவாள்.

கார் துருவேறிக் கறள் கட்டியது. கொடிகாமத்திலிருந்து வந்த மரக்கறி வியாபாரி கதவைத் தொட்டதுமே கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

பரமலிங்கம் அப்படிப் போகிறவராகத் தெரியவில்லை. மட்காட்டைப் பெருவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது. சிவப்புத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

“இது காரோ, கருவாட்டுச் சட்டியோ? ஒரே உப்பாயெல்லே கிடக்கு!”

“கடற்கரைக் காருக்குக் கறள் பிடியாமல் சந்தனமே பிடிக்கும்?” என்றார் அருளம்பலம்.

பரமலிங்கம் கதவைத் திறந்து பின்சீற்றைத் தூக்கினார். அடித்தகடு அரித்துப்போய் ஓட்டைக்குள்ளால் முற்றத்து மணல் தெரிந்தது.

பூரணம் திகைத்தாள். காருக்குள்ளே அவள் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. அவன் இருந்த இடம் என்று கதவைக்கூடத் திறந்ததில்லை.

சந்நிதி முருகனே தனக்காக இறங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தாள். கதவுக்குப் பின்னால் நின்றபடியே கைகூப்பினாள்.

“இதிலை ஏறி இருந்தால் கார் போகும், நாங்கள் றோட்டிலை இருப்பம்,” என்று கையைத் துடைத்தார் பரமலிங்கம்.

பூரணத்துக்கு மூச்சு வந்தது.

படலைப் பக்கம் திரும்பியவர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். எஞ்சின் மூடியைத் தூக்கினார்.

குனிந்தார். நிமிரவில்லை. விரலால் எதையோ தொட்டு மணந்து பார்த்தார். பிறகு முன்னால் போய்க் கம்பியைச் செருகிச் சுழற்றினார். எஞ்சின் இறுகிக் கிடக்கவில்லை. எண்ணெய் வழவழப்போடு சுற்றியது. உள்ளே ஒரு பொட்டுக் கறள் இல்லை.

“எடுக்கிறன்,” என்றார்.

அருளம்பலமே நம்பவில்லை. “அப்ப கறள்?”

“கறளாலை எனக்கென்ன? ஓடவே வாங்கிறன்? எஞ்சினைக் கழட்டிக் கிணத்தடியிலை பூட்டினால் என்ரை வாழைக்குத் தண்ணி இறைக்கும். மிச்சத்தைக் கடலிலை தள்ளுங்கோ.”

அவர் மாட்டு வண்டில் பிடிக்கப் போனார். அருளம்பலம், கொள்ளி வைக்க ஐயரிடம் நாள் கேட்கப் போனார்.

முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது.

பூரணம் வெளியே வந்தாள். தாலிக்கொடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். அழுகை வரவில்லை. எத்தனை குடம் சுமந்தாள்! அந்த ஒரு மூடியைத் திறக்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லையே.

முத்துக்குமாரு திண்ணையிலிருந்து இறங்கி வந்து காருக்கு முன்னால் நின்றார். திறந்து கிடந்த எஞ்சின் மூடியை மெல்லச் சாத்தினார். சாத்திய கையை எடுக்கவில்லை.

அவளைப் பார்க்காமலே சொன்னார்:

“உன்னைப்போலை நானும் ஊத்தினனான், பிள்ளை. எஞ்சினுக்கு ஊத்த மட்டும் மனம் வரேல்லை; அவன் வந்தால் ஓடவெல்லே வேணும்.”