காலெப் சுமந்த கொடி

"இந்தக் கொடி உங்க வீட்டுக்குத்தான் வந்து சேரணுங்க ஐயா."

வந்தவன் கோணிப்பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் விரித்தான். கெண்டக்கிக்காரனாம், பெயர் ஜெத்ரோவாம். ஒரு கால் கட்டைக்கால். காலெப்பின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் விலாசம் பார்த்து, இரண்டு நாள் ரயிலேறி இந்த இல்லினாய் ஊருக்கு வந்திருக்கிறான்.

லெமுவல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை. ஓரத்துத் தையல் அவர் மனைவி ஹன்னா போட்டது. அவள் தைத்த கொடியும், அவர் எழுதிய பாட்டும், இருவரும் பெற்ற ஒரே பிள்ளையும் ஒரே நாளில்தான் போருக்குப் புறப்பட்டுப் போயின.

தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் வடக்கோடு சண்டை மூண்டபோது, சர்ச் பியானோவில் உட்கார்ந்து ஒரே மாலையில் அவர் போட்ட மெட்டு அது. கொடியைக் கைவிடாதே என்று சொல்லும் பாட்டு. ஆள் சேர்க்கும் கூட்டங்களில் அதைப் பாடி முடிப்பதற்குள் பையன்கள் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். முதல் ஆளாக நின்றவன் அவர் பிள்ளை காலெப். கொடி பிடிக்கும் வேலை அவனுக்கே கிடைத்தது.

மூன்றாம் வருடம் அவனையும் காணோம், கொடியையும் காணோம். ஊர் வாய் சும்மா இருக்குமா? பயந்து ஓடிவிட்டான் என்றது. பாட்டு எழுதினவர் பிள்ளையே இப்படியா என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். போர் முடிந்து ஒரு வருடமாகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. நாளை மறுநாள் கோர்ட் வாசலில், மாண்டவர்களின் பெயர் பொறித்த கல்லைத் திறக்கப்போகிறார்கள். காலெப்பின் பெயர் அதில் கிடையாது. அந்த அவமானத்தில் ஹன்னா சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

"அவன் ஓடலைங்க அம்மா" என்றான் ஜெத்ரோ. "கடைசி வரைக்கும் கொடிய விடலை. என் கையாலதான் அடக்கம் பண்ணேன்."

ஹன்னா கொடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். லெமுவலோ, நாளைக்குக் காலையிலேயே கல் வைக்கும் கமிட்டியார் முன்னால் வந்து இதைச் சத்தியமாகச் சொல்லவேண்டும், இன்னும் ஒரு பெயர் வெட்டக் கல்லில் இடமிருக்கிறது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் சத்தியம் அங்க எடுபடாதுங்க."

"சாதாரணச் சிப்பாய்ங்கிறதாலயா சொல்றே? அதனால என்ன தம்பி? கண்ணால பார்த்தவன் நீ. எப்படிச் செத்தான், அதை மட்டும் சொல்லு."

ஜெத்ரோ தரையைப் பார்த்தபடி சொன்னான். அன்று விடிந்தும் காடு முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்து, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இவனும் கூட்டாளிகளும் லெமுவலின் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்களாம். தன் படையைத் தவறவிட்டு அலைந்த காலெப், மெட்டைக் கேட்டதும் தானும் பாடிக்கொண்டே, கொடியைத் தோளில் சாய்த்தபடி நேரே அவர்களிடம் வந்தானாம்.

லெமுவலுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. தன் பாட்டு பிள்ளைக்கு வழிகாட்டியிருக்கிறதே.

"நம்ம ஆளுங்ககிட்டதானே வந்து சேர்ந்தான்? அப்புறம் எதிரி எங்கிருந்து சுட்டான்?"



"உங்க மெட்டு எங்க தெற்குப் படைக்கும் வந்திருந்துச்சுங்க ஐயா, சொல்லை மட்டும் மாத்திப் பாடுவோம்" என்றான் ஜெத்ரோ. "கிட்ட வந்தப்புறம்தான் சொல்லு வேறன்னு அவனுக்குத் தெரிஞ்சுது, பாட்டை நிறுத்தினான், நாங்க சுட்டோம்."