இன்றைய இலக்கு

ஐஸ் பெட்டிக்குள் கிடந்த தணிகாசலத்தின் கையிலிருந்த உடற்பயிற்சிப் பட்டை மறுபடியும் பேசியது. "நெடுநேரமாக அசையாமல் இருக்கிறீர்கள். எழுந்து நடங்கள்."

"அந்தச் சனியனக் கழட்டித் தொலடா" என்றாள் அவர் மனைவி வேதவல்லி.

"கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேம்மா. அப்பாவே வாயத் தொறந்து சொன்னாத்தான் கழலுமாம்" என்றான் மகன்.

"இன்று நீங்கள் ஓர் அடிகூட வைக்கவில்லை" என்றது பட்டை. துக்கத்துக்கு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மதியம் நான்கு பேர் அவரைத் தோளில் சுமந்து சுடுகாட்டுக்குப் புறப்பட்டார்கள். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த வேதவல்லி, அலமாரியில் அவர் போன் ஒலிப்பதைக் கேட்டு எடுத்துப் பார்த்தாள்.

"மூவாயிரம் அடிகள். இன்றைய இலக்கு நிறைவேறியது. வாழ்த்துகள்."

ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினோரு வருஷமாக் கெஞ்சினேன். தெருமுனை வரைக்கும் ஒருநாள் என்கூட நடந்தீங்களா நீங்க?"