பேட்டரி சொன்ன நாற்பது

ஒரு பழைய போனுக்குள் வீம்பு பிடித்த பேட்டரி ஒன்று இருந்தது. இருப்பது ஐந்து சதவீதம்தான். ஆனாலும் திரையிடம் நாற்பது என்று சொல்லும். திரையும் அதையே காட்டும்.

சார்ஜருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, ஒரு தடவை முழுசா காலியாகி அணைஞ்சு போ. அப்புறம் நூறு வரைக்கும் விடாம ஏத்துறேன். அளவு சரியாயிடும்."

"நாலு பேர் பார்க்க நான் பூஜ்யத்துல நிக்கணுமா? போய்யா!"

மறுநாள் போன்காரி மங்கையர்க்கரசி பஸ்ஸில் போகும்போது, ஆறு வருஷமாகப் பேசாத தங்கை கூப்பிட்டாள். திரையில் நாற்பது. மங்கை தைரியமாக எடுத்தாள்.

"அக்கா, தப்பு என் மேலதான்..." என்று தங்கை அழ ஆரம்பித்தாள். போன் அணைந்தது.

வீடு வந்ததும் பேட்டரி மறுபேச்சில்லாமல் நூறு வரை ஏறியது. அளவு சரியாகிவிட்டது. மங்கை தங்கையைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"அஞ்சுன்னு நீ சொல்லியிருந்தா, மங்கை 'போன் அணையப் போகுதுடி, அப்புறம் கூப்பிடறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பா. இப்ப, அக்கா வேணும்னே கட் பண்ணிட்டான்னுதான் தங்கச்சி நினைப்பா" என்றது திரை.



மங்கை மறுபடி கூப்பிட்டாள்.

"இப்ப எவ்வளவு?" என்றது திரை.

"தொண்ணூற்றாறு."

உண்மைதான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.