ஐந்து வரை எண்ணு

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். அதைப் பார்த்ததும் கணக்கு டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“மூணாவது பீரியட் ஒருத்தர் வந்து உக்காருவாரு, நீங்க பாட்டுக்குப் பாடத்தை நடத்துங்க” என்று ஹெச்.எம். காலையில் போகிற போக்கில் சொல்லியிருந்தார். யாரென்று கேட்பானேன்? இந்த வாரம் புது மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் வருவார் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

போன முறை வந்த அதிகாரி நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் நிமிஷக் கணக்கோடு குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ‘10.12: கேள்வி. 10.12: ஆசிரியரே பதில் சொன்னார்.’ பக்கம் முழுக்க இதே கதைதான். பதினான்கு கேள்விகளில் பதின்மூன்றுக்கு டீச்சரே பதில் சொல்லியிருந்தார். பதினான்காவதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த முறையும் இப்படி என்றால் அடுத்த வருஷம் வேலை இல்லை.

“கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு. அதுவரைக்கும் வாயைத் திறக்காத” என்று கணவர் யோசனை சொல்லியிருந்தார். “வீட்லயும் பழகிப் பாரு. எனக்கும் பதில் சொல்ல ஒரு சான்ஸ் கிடைக்கும்.”

இன்றைக்குப் பின்னம். பன்னிரண்டடிக் கயிறு ஒன்றை வகுப்பின் குறுக்கே இழுத்துப் பிடித்து, துணி கிளிப் மாட்டி, அரை, கால் என்று காட்டுவது டீச்சரின் வழக்கம். ஒரு முனை ஜன்னல் கம்பியில். மறுமுனையைப் பிடிப்பது வகுப்பிலேயே உயரமான பெண். அவள் சைக்கிளிலிருந்து விழுந்து, மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். அவள் இடத்தில்தான் நோட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். வராந்தாவில் ஒரு நரைத்த தலை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவர் போலிருக்கிறது.

“ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க? இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன். நான் சொல்ற வரைக்கும் விட்டுடாதீங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கயிறு அவர் கையில் இருந்தது.

“அரையில பாதி எவ்வளவு?”

ஒன்று. இரண்டு. பதில் டீச்சரின் பல்லுக்குப் பின்னால் வந்து முண்டியடித்தது. மூன்று. நான்கு. வருஷம் முழுக்க வாயே திறக்காத முன் பெஞ்சுப் பெண் “கால்” என்றாள். சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டுப் போனாள்.

அடுத்து, மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டார். நாலுதான் பெரிசு என்று பாதி வகுப்பு சத்தியம் செய்தது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினார். இரண்டு பேர் எழுந்து வந்து, ஸ்கேலால் கயிற்றை அளந்து, கிளிப்பை மாட்டிக் கழற்றி, சண்டை போட்டு, கடைசியில் தாங்களாகவே மூன்றில் ஒன்றுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். வகுப்பே கைதட்டியது.

அதன் பிறகு பீரியட் தானாக ஓடியது. கயிறு பிடித்தவர் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், அவருக்கு என்ன அவசரமோ. நோட்டுக்காரரோ மணியைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதினார். தலைப்புக்கு அடிக்கோடு போடப் பக்கத்துப் பிள்ளையிடம் ஸ்கேல்கூட வாங்கினார். எவ்வளவு சுத்தமான மனிதர் என்று டீச்சர் வியந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். டீச்சர் நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார்.

“சார், என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் பார்க்கலாமா?”

அவர் சட்டென்று எழுந்து, இரண்டு கையாலும் நோட்டை நீட்டினார். கரும்பலகையில் இருந்ததெல்லாம் அப்படியே நோட்டில் இருந்தது. கயிறு, கிளிப் படம் உட்பட.

“சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க டீச்சர். கால் கட்டோட படுத்துக்கிட்டு, கணக்குப் பாடம் போச்சேன்னு என் பொண்ணு ஒரே அழுகை. ஹெச்.எம்.கிட்டக் கேட்டுட்டு, அவளுக்குப் பதிலா நான் வந்து உக்காந்தேன்.”

டீச்சர் மெல்லத் திரும்பினார். காலி வகுப்பில், நரைத்த தலைக்காரர் கயிற்று முனையைப் பிடித்தபடி இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“ஒன்பது கேள்வி கேட்டீங்க, ஒண்ணுக்குக்கூட நீங்க பதில் சொல்லலை. கயித்தை விடலாம்னு சொன்னீங்கன்னா, நோட்டை எடுத்து எழுதிக்குவேன் டீச்சர்.”