முதல் தண்ணீர்

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு, போர்வெல் துளையிலிருந்து வெளியே வந்த கல்பொடியை உள்ளங்கையில் வாங்கினான்.

வெள்ளை. விரல்களுக்கு நடுவே நறநறத்தது.

துளைக்குள் சூட்டை அளக்கும் கருவி வேறு கதை சொன்னது. நேற்று அறுபத்திரண்டு டிகிரி. இன்று ஐம்பத்து நான்கு. ஆழம் கூடக் கூடச் சூடு ஏற வேண்டும். இது இறங்குகிறது.

மதிவதனி மேடம்தான் அங்கே பொறுப்பு. வேலையை நிறுத்தும் தாள் அவர் கையில் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

லடாக்கின் அந்தப் பள்ளத்தாக்கில் விறகு கிடையாது. மரமே கிடையாது. பனி இறுகினால் பள்ளிக்கூடம் நான்கு மாதம் பூட்டிக் கிடக்கும். பூமிக்குள் இருக்கும் கொதிநீரை மேலே கொண்டுவந்துவிட்டால் வகுப்பறைகளைச் சூடாக்கலாம். பிறகு மின்சாரமும் எடுக்கலாம். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்ததுபோல, பள்ளிவரை குழாய்கூடப் பதித்தாகிவிட்டது.

வேலியோரம் அந்தப் பள்ளியின் டீச்சர் யாங்டோல் நின்றார். கையில் பள்ளிக்கூடத்துப் பூட்டு.

அவன் திருச்செங்கோட்டுக்காரன். இருபத்திரண்டு வருடமாகப் போர்வெல் வண்டியில் நாடெல்லாம் துளை போட்டவன். கருவியிடம் அவனுக்குப் பகை இல்லை. மேலே ஏதோ ஓர் இடுக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் கசிந்து கலக்கிறது, கருவி அதைத்தான் அளக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, தெரிந்தது. இந்த வெள்ளைக்கல் கொதிநீர் ஓடிய தடம்.

“ஏனுங்க மேடம், இன்னும் ரெண்டே ராடுங்க. அதுக்கும் வரலீன்னா நானே வண்டியக் கெளப்பிட்டுப் போயிர்றனுங்க.”

மேடம் பொடியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

துளைக்கம்பியின் முதல் ராடு இறங்கியது.

ஒன்றுமில்லை.

இரண்டாவது ராடு பாதி போனபோது தரை அதிர்ந்தது. பக்கக் குழாய் செருமியது. ஆவி வந்தது. பிறகு தண்ணீர்.

யாரோ கத்தினார்கள். அவன்தான்.

அவர்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற முதல் தண்ணீரைத் துளை போட்டவன் உள்ளங்கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்வான். எத்தனையோ ஊரில் செய்தது. யோசிக்கவே இல்லை. குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழாய் வாயில் கையை நீட்டினான்.

எண்பத்து மூன்று டிகிரி என்று மேடம் பிறகு சொன்னார்.

டீச்சர் பூட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். அவன் கையைப் பிடித்துக் குளிர்நீர் வாளிக்குள் அமிழ்த்தினார். பிடித்த கையை விடவே இல்லை. அழுதுகொண்டே சிரித்தார். அவனுக்கு வலியில் உயிர் போனது. இவ்வளவு சந்தோஷமாக அவன் என்றைக்கும் இருந்ததில்லை.

சாயங்காலம் மனைவி சாந்தாமணியை வீடியோவில் கூப்பிட்டான். கட்டுப்போட்ட கையைக் காட்டினான்.

போர்வெல்காரனைக் கட்டியவள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

“தண்ணி வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு சாந்தா. இந்த வருசம் பள்ளிக்கூடத்தப் பூட்ட மாட்டாங்க.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

“தலையில தெளிக்கலீங்களே?”

அவன் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.