மோனோ

படத்தில் என் வீட்டுக்காரருக்கு நிறமே இல்லை.

கருப்பு வெள்ளையில் சிரித்துக்கொண்டிருந்தார். அவரோடு லாரி ஓட்டும் என் கொழுந்தன் முகேஷ், அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான்.

பந்தல்குடியில் உயிரோடு இருக்கிற ஆளை யார் கருப்பு வெள்ளையில் போடுகிறார்கள்? காதுகுத்துக்குக் கலர், கல்யாணத்துக்குக் கலர். பஸ் ஸ்டாப் சுவரில் ஒருவர் நிறமில்லாமல் சிரித்தால், கீழே கண்ணீர் அஞ்சலி என்று இருக்கும்.

இதிலும் கீழே ஏதோ இருந்தது, இங்கிலீஷில். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மோனோ' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

ஓட்டலில் என்னோடு புரோட்டா மாவு பிசையும் தங்கமாரி போனை வாங்கிப் பார்த்தாள். "மோனோ... மௌன அஞ்சலியா இருக்குமோ, நாகு?"

அடிப்பாவி! வாயில் நல்ல வார்த்தையே வராதா?

அவர் போன் சுவிட்ச் ஆஃப். முகேஷுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.

ரோட்டில் போகிற லாரியை எல்லாம் பார்த்துப் பார்த்து அழுதேன். சாப்பிட வந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். ஐயோ, முகத்தைக்கூடக் காட்டாமல் போய்விட்டாரே என்று வாய்விட்டுக் கத்தினேன்.

அப்போது முகேஷே கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மதினி, மோனோகுரோம்னா ஒரே நெறத்துல இருக்குற படம். அம்புட்டுத்தான். அண்ணன் போனுல சார்ஜு இல்ல. அவுக வண்டிக்கு அடியில படுத்துக் கொறட்டை விடுறாக."

போன உயிர் திரும்பி வந்தது. மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் எழுதினால் கை ஒடிந்தா போகும் என்று முகேஷை ஒரு பிடி பிடித்தேன். பக்கத்தில் நின்ற தங்கமாரிக்கும் இரண்டு விழுந்தது.

முகேஷ் சிரிப்பை நிறுத்தினான்.

"நெசமாவே அழுதீகளா, மதினி?"

ஆமாம், அழுதேன் என்றேன். அதில் என்ன வெட்கம்?

பிறகு, அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வியாழக்கெழம விவாகரத்துக் கேசுக்கு வாரப்ப, நல்ல கலர் சட்டையாப் போட்டுட்டு வரச் சொல்லு."